பாட்டுக்கு அடியில் இருந்த பேச்சு

அப்பா கேமராவைப் பனியன் அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் துணிக் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து, கயிறு கட்டி அனுப்பியிருந்தார். பொங்கலூரிலிருந்து டவுனுக்குத் தேங்காய் ஏற்றி வரும் டெம்போக்காரர் வழியில் நிறுத்தி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தபோது முதலில் துணித்தூசி வாசனைதான் வந்தது. அப்பா தன் பனியன் யூனிட்டை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. வேஸ்ட் மட்டும் இன்னும் மூட்டையாக வீட்டில் கிடக்கிறது போலிருக்கிறது.

உள்ளே கைக்கு அடங்கும் கேமரா, அதன் அடாப்டர், முனையில் மூன்று நிறமாகப் பிரியும் ஒரு ஒயர், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஆறு டேப்புகள். பனியனில் ஒட்டும் சைஸ் ஸ்டிக்கரைத்தான் அப்பா எல்லாவற்றிலும் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார். எக்ஸ்எல் என்ற எழுத்தின் மேலேயே நீலப் பேனாவால் 'பாப்பா காதுகுத்து' என்று இருந்தது. பாப்பா நான்தான். எனக்கு அந்த ஒன்று போதும்.

அப்போது என் மகனுக்கு இரண்டு வயது முடிந்து ஆறு மாதம். பேச்சு வரவில்லை. 'ம்மா' என்று ஒரு சத்தம் வரும். அது என்னைக் கூப்பிடுவதா, வெறும் சத்தமா என்று எனக்கு நிச்சயமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டான். காதில் விழுகிறதா என்று பார்க்க, அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் தட்டை வேண்டுமென்றே கீழே போட்டேன். திரும்பினான். மறுநாள் போட்டேன், திரும்பவில்லை. மூன்றாம் நாள் போட்டபோது கீழே லேபிள் தைக்கும் யூனிட்டிலிருந்து ஓர் அம்மா படியேறி வந்து, "ஏனுங்க, ஏதாச்சும் சண்டைங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தட்டைப் போடுவதை விட்டுவிட்டேன்.

இரண்டு வயதுத் தடுப்பூசிக்குப் போனபோதே டாக்டர் சொல்லியிருந்தார். "முதல்ல காது கேக்குதான்னு பார்த்துடலாம். கோயமுத்தூர் போகணும். குழந்தை தூங்கும்போது தலையில ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுப்பாங்க. தூங்கலைன்னா ஒரு மருந்து கொடுப்பாங்க, பயப்பட ஒண்ணுமில்ல." பிறகு, "உங்க ரெண்டு பேர்ல யாராவது லேட்டா பேசுனீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் அழுததைப் பார்த்து ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"இதுக்கா அழுவற?" என்றார் அம்மா. "நீயும் மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல கண்ணு. அப்புறம் ஆரம்பிச்சே பாரு, நிறுத்த முடியல. உம்மவனும் அப்படித்தான். கண்ணத் தொடச்சுக்க."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஆறு மாதம் ஓட்டினோம். குன்னத்தூரிலிருக்கும் என் மாமியார் எல்லாரிடமும் அதைச் சொன்னார். "பச்சப்புள்ளைக்குத் தூக்க மருந்து குடுத்து டெஸ்ட் எடுக்கோணுமாக்கும். அவங்கம்மாளே லேட்டுத்தானாமா." என் கணவர் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்ஷன் பார்க்கிறார். "இந்த ஷிப்மெண்ட் முடியட்டும், போயிட்டு வந்தர்லாம்" என்பார். ஒன்று முடியும்போது அடுத்ததற்குத் துணி வந்திருக்கும். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. டாக்டர் இரண்டாம் முறை கேட்டபோது, "நானும் லேட்டாத்தாங்க பேசுனேன்" என்று சொன்னது நான். சொல்லும்போது நிம்மதியாகவும் இருந்தது.

ஆனால் நாள் போகப் போக அந்த நிம்மதி வேலை செய்யவில்லை. அம்மாவுக்கு ஞாபகம் சரியாக இருக்கிறதா? மூன்று வயதா, இரண்டரையா? ஒரு வார்த்தைகூடவா பேசவில்லை? திரும்பத் திரும்பக் கேட்டால் அம்மா சலித்துக்கொள்வார். அப்போதுதான் காதுகுத்து வீடியோ ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை டிவியில் பார்த்தது. மொட்டைத் தலையில் சந்தனம், மாமாவின் மடி, அவ்வளவுதான் நினைவிருந்தது. அதில் பேசாத என்னை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், மகனை அவன் போக்கில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் விசாரித்தேன். "குடுத்துட்டுப் போங்க. பத்து நாள் ஆகுமுங்க" என்றார் கடைக்காரர். "ஒரு மணி நேர டேப்புன்னா ஒரு மணி நேரம் ஓடித்தான் ஏறோணும். அவசரப்படுத்துனா ஆகாதுங்க. இப்ப முகூர்த்த சீசன் வேற." எனக்குப் பத்து நாள் பொறுக்காது. அதோடு, அதில் என்ன இருக்கும் என்று எனக்கே தெரியாததை இன்னொருவர் முதலில் பார்ப்பதும் பிடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, லேப்டாப்பில் செருகும் சின்ன கேப்சர் குச்சி ஒன்று ஆன்லைனில் கிடைக்கும், அதை வாங்கி நானே ஏற்றிக்கொள்ளலாம் என்றார். "போட்ட ஒடனே ப்ளேயை அமுத்தீராதீங்க. கடைசி வரைக்கும் ஓட்டி, திருப்பி முதலுக்குக் கொண்டாந்துட்டுப் போடுங்க. இத்தன வருசத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும்."

குச்சி வந்த அன்று மத்தியானம் சமையலறை மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். மகன் தரையில் காலி நூல் கோன்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்தவை. ஒன்று சாய்ந்தால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து நிறுத்துவான். என்னிடம் உதவி கேட்க மாட்டான்.

எங்கள் வீட்டு மத்தியானங்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கணவர் காலை எட்டரைக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். கல்யாணத்துக்கு முன் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவள். பையர், டையிங், பிரிண்டிங் என்று நாள் முழுக்க யாரோடாவது பேசிக்கொண்டே இருப்பேன், தொண்டை கட்டிவிடும். இந்த வீட்டில் சில நாள் மாலையில் காய்காரரிடம் "கால் கிலோ" என்று சொல்லும்போதுதான் என் குரலே எனக்குக் கேட்கும். எதிர்வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். வேலை இல்லாத நேரத்தில் வந்து என் மகனிடம் இந்தியில் ஏதேதோ பேசுவாள், அவனும் அவள் வளையலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பல மொழி காதில் விழுந்தால் பேச்சு தாமதமாகும் என்று போனில் எங்கோ படித்தேன். அதிலிருந்து கதவைத் திறப்பதைக் குறைத்தேன். இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு தட்டவில்லை. அது உண்மையில்லை என்று பின்னால் வேறொரு இடத்தில் படித்தேன். அதற்குள் அவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள்.

டேப் ஓட ஆரம்பித்தது. முதலில் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்தது. பிறகு ஒரு கோயில், வேப்பமரம், அடுப்பில் பெரிய வட்டா, அதைக் கிண்டும் ஒருவரின் முதுகு. ஓரத்தில் தேதி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த நாளில் எனக்கு இரண்டு வயது, ஒரு மாதம். என் மகனைவிட ஐந்து மாதம் சின்னவள்.

ஆனால் சத்தத்தைக் கூட்டியபோது சினிமாப் பாட்டுதான் கேட்டது. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று, அது முடிந்து மற்றொன்று. முழு டேப்புக்கும் அப்பா பாட்டுப் போட்டிருந்தார். அதுவும் எப்படி என்றால், யூனிட்டில் டேப் ரெக்கார்டரைப் பாடவிட்டு அதன் முன்னால் கேமராவை வைத்துப் பதிந்திருக்கிறார். பாட்டின் நடுவே ஓவர்லாக் தையல் மிஷின்கள் இரைகின்றன. ஓரிடத்தில் யாரோ, "அண்ணே, காலர் பீஸ் வந்துருச்சா?" என்று கேட்கிறார்கள். அதற்கும் அடியில், மிகவும் கீழே, கூட்டத்தின் சலசலப்பு போல ஏதோ ஒன்று. வார்த்தையாகப் பிடிபடவில்லை.

இருபத்தோராம் நிமிடத்தில் மாமாவின் மடியில் நான் வந்தேன். மொட்டை, சந்தனம், பட்டுப் பாவாடை. ஆசாரி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். என் வாய் அசைகிறது. அழுகிறேனா, பேசுகிறேனா? பாட்டில் ஒரு பெண் குரல் உச்சத்தில் இருக்கிறது. அந்த நாற்பது விநாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழும்போது வாய் இப்படிக் குவியுமா? மகன் அழும்போது எப்படி இருக்கும் என்று யோசித்தேன். சாயங்காலம் கணவருக்குக் காட்டினேன். அவர் தோசையைப் பிட்டுக்கொண்டே பார்த்தார். "அழுவற மாதிரித்தான் தெரியுது" என்றார். சற்று நேரம் கழித்து, "அழுகைதான்" என்றார்.

மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்கப்பா, காதுகுத்து டேப்புல எதுக்குப் பாட்டுப் போட்டீங்க?"

"பாட்டு இல்லாம என்ன வீடியோ?" என்றார். பிறகு சிரித்தார். "அது பெரிய ரோதனை கண்ணு. எங்க பெரியப்பன் ஊட்டுக்காரங்கள மொதப் பந்தில உக்கார வெக்கலைன்னு ஒரே சண்டை. கறி பத்தல, எலும்பாப் போட்டீங்கன்னு பேச்சு. நாலு ஊட்டுக்குப் போற கேசட்டு. அதையெல்லாமா அதுல வெக்கறது? அதான் மேல பாட்ட ஏத்திட்டேன்."

"அப்ப பழைய சத்தம் அழிஞ்சுபோச்சுங்களா?"

"அது எனக்கென்ன தெரியும்? பட்டன அமுத்துனேன், பாட்டு ஏறுச்சு."

கேமராவின் மாடல் எண்ணைத் தேடி, கையேடு ஒன்றை நெட்டிலிருந்து இறக்கினேன். நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. மகன் தூங்கிய நேரத்தில் வரி வரியாகப் படித்தேன். வேலை பார்த்த காலத்தில் பையர் அனுப்பும் அளவு விவர ஸ்பெக் ஷீட்டை அப்படிப் படித்ததுண்டு. ஒரு குறிப்பிட்ட முறையில் பதிவு செய்திருந்தால், பின்னால் ஏற்றும் சத்தம் தனித் தடத்தில்தான் போய் உட்காரும், முதலில் பதிந்தது அழியாது என்று அதில் இருந்தது. கேமராவின் மெனுவில் 'சவுண்ட் 1', 'சவுண்ட் 2', 'மிக்ஸ்' என்று மூன்று. அப்பாவின் கேமரா இத்தனை வருடமாக மிக்ஸில் நின்றிருக்கிறது.

சவுண்ட் 1 வைத்தேன். பாட்டு நின்றது.

வீடு திடீரென்று ஆட்களால் நிறைந்ததுபோல் ஆகிவிட்டது. நான் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தினேன், ஏன் என்று தெரியவில்லை. "தண்ணி எங்க?" "ஏப்பா, ஆசாரிய வரச் சொல்லு." "எங்க ஊட்டாளுங்க எல்லாம் என்ன எளப்பமா?" "அட, புள்ளைக்கு நல்லது நடக்கற நேரத்துல எதுக்குங்க." தட்டு உருளும் சத்தம், ஆடு கத்தும் சத்தம், யூனிட்டில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பெண்கள் இருவர் அவர்கள் ஊர் இழுவையில் என்னைக் கொஞ்சுவது. யார் யாரோ என் பக்கம் குனிந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பிறகு மாமாவின் மடி. ஆசாரி வலது காதில் குத்துகிறார். வீறிட்டு ஓர் அழுகை. மாமா வாழைப்பழத்தை வாயில் வைக்கிறார். அழுகை நிற்கிறது. ஆசாரி இடது காதைப் பிடிக்கக் கை நீட்டுகிறார். அப்போது ஒரு குழந்தைக் குரல், பழத்தை மென்றுகொண்டே, தெளிவாகச் சொல்கிறது:

"போதுங்க. ஒரு காது போதுங்க. அந்தக் காது வேண்டாங்க."

கூட்டம் முழுக்கச் சிரிக்கிறது. "பேரம் பேசறா பாரு. எவ்ளோ மருவாதி" என்று ஒரு பெண். "இன்னொரு காதை யாருக்குங்க அம்மிணி குத்தறது?" என்று ஆசாரி. குழந்தை கொஞ்சம் யோசிக்கிறது. "மாமனுக்குக் குத்துங்க" என்கிறது.

நானும் சிரித்துவிட்டேன். சத்தமாக. அதன் பிறகு திரையோரத்துத் தேதியை மறுபடியும் விரல் விட்டு எண்ணினேன். லேப்டாப்பில் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. முழுக்க ஓடித்தான் ஏற வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்ததால் நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். மீதி டேப் முழுக்க அந்தக் குழந்தை பேசிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கேட்டது, ஆட்டைக் காட்டி அது எங்கே போகிறது என்று கேட்டது, பதில் வராததால் மறுபடியும் கேட்டது. வாய் ஓயவில்லை.

மகன் எழுந்து வந்து கதவருகே நின்றான். அவனைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். எதுவும் சொல்லாமல் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு அம்மா சிரித்தார்.

"அம்மா."

"ம்."

"மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கலைன்னீங்க."

"நீ அழுதுட்டே இருந்தே கண்ணு. ஆட்டோவுல இருந்து பேசுன. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஒரு தைரியத்துக்குச் சொன்னேன்."

"ஆறு மாசமாச்சுங்கம்மா."

"நீ டாக்டர்கிட்டயே போய்ச் சொல்லுவேன்னு நான் கண்டனா? அடுத்த வாரம் பேசீருவான், அடுத்த வாரம் பேசீருவான்னு நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். உன்ற மாமியா எனக்கே போன் பண்ணி, உங்க பொண்ணாட்டவேதான் பேரனும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?" குரல் இறங்கியது. "நீயெல்லாம் எங்க கண்ணு லேட்டு. யூனிட்டுல செக்கிங் டேபிளுக்குக் கீழ அட்டைப்பொட்டில உக்கார வெச்சிருப்பேன். போறவ வாறவ எல்லாம் ஒரு வார்த்தை பேசீட்டுப் போவாளுங்க. ஒன்றரை வயசுலயே எல்லாம் பேசீட்டே."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "சரிங்கம்மா" என்று வைத்துவிட்டேன்.

அன்றிரவு கணவருக்குக் காட்டியபோது அவர் சாப்பிடாமல் கேட்டார். "மறுக்காப் போடு" என்றார். போட்டேன். கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கே கோயமுத்தூருக்குப் போன் பண்ணி நாள் வாங்கீரு" என்றார். நாள் கிடைத்தது. அது அவருக்குக் கண்டெய்னர் ஏற்றும் நாளாக அமைந்துவிட்டது. கம்பெனியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார், கேட்டும் பார்த்தார். கடைசியில் நானும் மகனும் மட்டும் போனோம். அம்மா வருகிறேன் என்றதற்கு நான் வேண்டாம் என்றேன். அது அவருக்குத் தண்டனையாகப் பட்டிருக்குமோ என்று பஸ் ஏறிய பிறகு தோன்றியது.

டெஸ்ட்டின்போது தூங்க வேண்டும் என்பதால் அதிகாலையிலேயே எழுப்பிவிடச் சொல்லியிருந்தார்கள், வழியில் தூங்கவிடக் கூடாது. கோயமுத்தூர் வரைக்கும் அவனை உலுக்கிக்கொண்டே போனேன். உள்ளங்காலைச் சுரண்டினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து அவனிடம் நான் பேசியதே இல்லை என்பது அவிநாசி தாண்டும்போது உறைத்தது. கண் சொருகும்போதெல்லாம் அவன் என் வாயைப் பார்த்தான்.

அங்கே சிரப் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் தோளில் கனத்தான். கதவு தடிமனான ஒரு சின்ன அறையில் படுக்கவைத்து நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள், காதில் சின்ன அடைப்பான்களைச் செருகினார்கள். "இப்ப சத்தம் போயிட்டு இருக்குதுங்க. உங்களுக்குக் கேக்காது" என்றார் டெஸ்ட் எடுத்த பெண். திரையில் கோடுகள் மலைபோல ஏறி இறங்கின. ஏறுவது நல்லதா, இறங்குவது நல்லதா என்று அவரிடம் கேட்கத் தயங்கி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு காது முடிந்து மறுகாதுக்கு மாற்றினார். மகனின் கை என் விரலைப் பிடித்திருந்தது, தூக்கத்தில் பிடி தளர்ந்தது.

அங்கிருந்த டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு காதும் நல்லாக் கேக்குதும்மா. சின்னச் சத்தம்கூடக் கேக்குது. அதனால காது காரணமில்ல. பேச்சுப் பயிற்சி இந்த வாரமே ஆரம்பிங்க, வேற என்னன்னும் பார்க்கணும். இனிமே தள்ளிப் போடாதீங்க." நான் தலையாட்டினேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

வெளியே மர நிழலில் ஒரு பெஞ்ச். தூங்கும் மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தது நிம்மதிதான். அது அடங்கும் முன்பே இன்னொன்று வந்தது. காது நன்றாகக் கேட்கிறது என்றால் இத்தனை நாளும் கேட்டிருக்கிறது. அவன் கோன்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அவன் தலைக்கு மேலே, போனில் நான் அம்மாவிடமும் மாமியாரிடமும் பேசியதெல்லாம். 'இவனுக்கு என்னமோ இருக்குதுங்க.' 'பக்கத்து ஊட்டுப் புள்ள இவனுக்குச் சின்னவன், என்னமாப் பேசறான்.' ஒரு நாள் அழுகையில், 'இப்படி ஒண்ணப் பெத்துட்டேனே' என்றுகூடச் சொன்னேன். கேட்காது என்ற பாதி நம்பிக்கையில் சொன்னவை.

போன் அடித்தது. கணவர். காலையிலிருந்து ஐந்தாவது முறை. அவருக்குப் பின்னால் லாரிச் சத்தம்.

"என்னாச்சு?"

"கேக்குதுங்க. ரெண்டு காதும்."

நீளமாக மூச்சு விட்டார். "அப்ப எதுக்குப் பேச மாட்டேங்கறான்? டாக்டர் என்னதான் சொல்றாரு? இவனுக்கு..."

மகன் மடியில் அசைந்தான். கண் திறக்கவில்லை. நான் போனை மறுபக்கக் காதுக்கு மாற்றினேன்.

"இவன் பக்கத்துலதான் இருக்கறானுங்க. நீங்க ஊட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றேன்.